கடைசியாக வந்தவர்

காலை ஆறு மணிக்கு எண் வந்தது. இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

புன்னைத்துறையில் பால்காரர் வர மறந்தாலும் எண் வர மறக்காது. பேரூராட்சி அலுவலக முகப்பிலும் பாலத்து வாசலிலும் ஊரார் எல்லாருடைய கைபேசியிலும் ஒரே நொடியில் வந்து விழும். இன்றைக்கு இத்தனை வெளியூர்க்காரர்களை இந்த ஊர் தாங்கும் என்று அதற்குப் பொருள். நேற்று மூவாயிரம். விடிவதற்குள் முந்நூற்று அறுபது பேரைக் கழித்துவிட்டது.

பேரூராட்சித் தலைவி ஜெனோவா கையில் இருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். எண் குறைந்தால், கடைசியாகச் சீட்டு எடுத்தவர்களின் சீட்டு தானாக ரத்தாகும். அவள் மகள் ரின்சி தன் சீட்டைப் போன வாரம்தான் எடுத்திருந்தாள். ஒன்பது மாதக் கர்ப்பிணி, கணவனோடு மதுரையில் இருந்து நான்கு மணிக்கே கிளம்பி, இந்நேரம் பாதி வழி தாண்டியிருப்பாள்.

கைபேசியில் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தூங்குகிறாள் போல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

புன்னைத்துறை ஒரு மணல் நாக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் நாலாயிரத்துச் சொச்சம் பேர். வெளியுலகத்துக்கு ஒரே ஒரு பாலம். அந்த மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் பாலேடு மாதிரி மிதக்கிறது. அளவாக இறைத்தால் மழை அதை நிரப்பிவிடும். அளவு மீறினால் கீழே இருக்கும் கடல் மேலே ஏறி வரும். ஆறு வருடங்களுக்கு முன் அப்படித்தான் ஏறி வந்தது. விடுமுறைக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் பேர் வந்து குளித்து, கழுவி, புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சிய வருடம் அது. எண்பத்து மூன்று கிணறுகளில் எழுபத்தொன்று உப்பாயின. குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடித்தது. உலை வைக்கக்கூட லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள். அந்த வரிசையில் நின்றபடியேதான் ஜெனோவா தேர்தலில் நிற்பது என்று முடிவு செய்தாள்.

ஜெயித்தாள். எண்ணைக் கொண்டுவந்தாள். கிணறுகளுக்குள் இறக்கிய கருவிகள் தண்ணீரின் மட்டத்தையும் உப்பையும் அளந்து, அன்றன்றைக்கு எத்தனை பேர் என்று சொல்லும். முதலில் அட்டை கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் ஆள் மாறாட்டம் செய்தார்கள். பாலத்தை அடைத்தார்கள். வள்ளத்தில் ஏறி வந்தார்கள். கடைசியில் கார்முகிலன் என்ற பொறியாளர் வந்து தெருவுக்குத் தெரு நீலக் கம்பங்களை நட்டான். பக்கத்தில் உயிரோடு இருக்கும் எவருடைய நெஞ்சுத் துடிப்பையும் அந்தக் கம்பம் தூர நின்றே எண்ணிவிடும். கைரேகை போல ஆளுக்கு ஆள் துடிப்பு வேறு. பட்டியலில் இருக்கும் துடிப்பு ஊர்க்காரர், இல்லாத துடிப்பு விருந்தினர். ஏமாற்ற வழியே இல்லை. இருதயத்தை யாரும் வீட்டில் வைத்துவிட்டு வர முடியாதல்லவா.

"ஊர்க்காரங்க யார் யாருன்னு ஒரு லிஸ்ட் குடுங்க மேடம்," என்று கார்முகிலன் கேட்டபோது, ஊர்க் கமிட்டித் தலைவர் கயித்தான் பீரோவில் இருந்த கோயில் திருவிழாவுக்கு வரி கட்டும் குடும்பங்களின் தலைக்கட்டுப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். தலைமுறை தலைமுறையாய் ஊர் என்றால் அந்தப் பதிவேடுதான். துபாயில் இருக்கும் மகன்கள் பேர் அதில் உண்டு. வேறு கரையில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஜெனோவா பேரும் உண்டு. இங்கேயே பிறந்து, இந்த மணலில் விழுந்து எழுந்து, இருபத்தாறு வயதில் மதுரைக்குக் கட்டிக் கொடுக்கப்பட்ட ரின்சி பேர் இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். அது வழக்கம். யாரும் அதைப் பற்றி இரண்டாவது முறை யோசிக்கவில்லை, ஜெனோவாவும்தான்.

பிறகு ஒரு நாள், வெளியூருக்குக் கட்டிக் கொடுத்த பெண்கள் பதினைந்து பேர் சேர்ந்து அவள் அலுவலகத்துக்கு வந்தார்கள். "எங்க அப்பாவப் பாக்க நாங்க சீட்டு எடுக்கணுமாக்கா?" என்று ஒருத்தி அழுதாள். "முன்கூட்டியே எடுத்துக்கோங்க. விதின்னா எல்லாருக்கும்தான், எம்பிள்ளைக்கும் சேத்துத்தான்," என்றாள் ஜெனோவா. கை தட்டினார்கள் சிலர். அன்றைக்கு அது நேர்மையாகத்தான் பட்டது.

விதிகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. விடுதிக்காரர்கள் தங்கள் ஆட்களை ஊர்க்காரர்களாகச் சேர்க்கப் பார்த்ததால் பட்டியலைப் பூட்டினார்கள். பட்டியலில் உள்ள ஆணுக்குப் பெண் கட்டி வந்தாலும் பிள்ளை பிறந்தாலும் தானாகச் சேரும். மற்றபடி ஒரு பேரை எடுத்தால்தான் ஒரு பேரைச் சேர்க்கலாம். எடுத்த பேர் ஒரு வருடத்துக்குத் திரும்ப வராது. நோயாளி வண்டிக்கு விலக்கு இருந்தது. ஒரே வாரத்தில் பதினொரு ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கிய நோயாளிகள் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார்கள், ஒருவர் கையில் காற்றடித்த பந்து. அந்த விலக்கையும் எடுத்தாயிற்று. எண்ணுக்கு மேல் ஒருவர் கூடினால் அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தண்ணீர் மோட்டார் நிற்கும். கூடுதலாக இருந்தால் கடைசியாக வந்தவர் முதலில் வெளியேற வேண்டும். அதற்கான அறிவிப்பை ஜெனோவாவே நாலு தடவை ஒத்திகை பார்த்து, தேன் ஒழுகப் பேசிப் பதிவு செய்தாள். ஒவ்வொரு விதியும் எழுதப்பட்ட அன்று சரியாகத்தான் இருந்தது.

ஏழே முக்காலுக்கு ரின்சியே கூப்பிட்டாள்.

"ம்மா, பாலத்துக்கிட்ட நிக்கோம். சீட்டு ரத்துன்னு காட்டுது. வரிசையில நானூத்திப் பன்னெண்டாவது ஆளு."

"வண்டியத் திருப்பச் சொல்லு மக்கா. மதுரைக்கே போயிருங்க."

"திருப்ப எங்க எடம் இருக்கு? ரத்தான வண்டி முந்நூறும் ரோட்டுல குறுக்க மறுக்க நிக்கி." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "அதில்லம்மா. பனிக்குடம் ஒடஞ்சிட்டு."

ஜெனோவா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மதுரையில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று சம்பந்தியம்மா சொன்னாள். அவளைவிட அதிகமாகச் சொன்னவள் ஜெனோவா. விருந்தினருக்கு மூன்று நாள்தான் அனுமதி என்பதால், ஏழாம் மாதம் அழைக்க வேண்டிய மகளை, டாக்டர் சொன்ன தேதியை ஒட்டி மூன்று நாள் கணக்குப் போட்டு வரவழைத்தாள். விதியையும் மீறக் கூடாது, வழக்கத்தையும் விடக் கூடாது. இரண்டையும் ஒரே கையில் பிடிக்கப் பார்த்தாள்.

"பயப்படாத. எஸ்தர்கனிய அனுப்புதேன். நான் பாத்துக்கிடுதேன்," என்றாள்.

எஸ்தர்கனி ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். பேட்டரி வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனாள். ஜெனோவா எதிர்த் தெருவில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். செருப்புப் போட மறந்திருந்தாள்.

"தம்பி, பாலத்தத் திறக்கணும்."

கார்முகிலன் திரையில் இருந்து திரும்பினான். விவரம் கேட்டதும் அவன் முகம் வெளிறியது. "திறக்கறதுக்குப் பட்டனே இல்லையே மேடம். யார் கேட்டாலும், ஏன், நானே கேட்டாலும் திறக்க முடியாதபடி செய்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"எழுதிக்கூடக் குடுத்தீங்க."

"சரிப்பா, குடுத்தேன். இப்ப ஒரே ஒரு ஆளு. தூக்கிட்டு வந்துருதோம். ஒண்ணு கூடினா கடலா பொங்கிரும்?"

"கடல் பொங்காது. அரை மணியில மோட்டார் நிக்கும். ஆஸ்பத்திரிக் குழாயும் சேர்த்து. பிரசவம் பார்க்கத் தண்ணி வேணாமா?" அவன் திரையைத் தொட்டுக் காட்டினான். "ராத்திரி உப்பு ஏறி, மட்டம் ரெண்டு விரல் இறங்கியிருக்கு. எண் பொய் சொல்லல மேடம். அதான் கஷ்டம்."

"விருந்தாளி யாராச்சும் வெளிய போனா?"

"அந்த இடம் வரிசையில முதல் ஆளுக்குப் போகும். உங்க பொண்ணுக்கு முன்னாடி நானூத்திப் பதினோரு பேர்."

கைபேசி அடித்தது. எஸ்தர்கனி. "யக்கா, கார்ல வச்சுப் பாக்கவே முடியாது. வலி வந்துட்டு, தல இன்னும் எறங்கல. பிள்ளைக்கு நாடி கொறைஞ்சு கொறைஞ்சு வருது. டாக்டரம்மா, மெஷினு எல்லாம் உள்ளதான இருக்கு. சீக்கிரம் ஒரு வழி சொல்லுங்க."

இதற்குள் செய்தி பரவி, வாசலில் கயித்தான் வந்து நின்றார். நல்ல மனிதர்தான். அவர் மகளும் மூன்று வருடமாகச் சீட்டு எடுத்துத்தான் வந்து போகிறாள்.

"வயித்துல இருக்கதையும் சேத்து ரெண்டு ஆளுன்னு எண்ணுமா தம்பி?" என்று ஜெனோவா கேட்டாள். குரல் அடங்கியிருந்தது.

"இல்ல மேடம். வயித்துல இருக்கிற வரைக்கும் அம்மா துடிப்புக்குள்ள மறைஞ்சிடும். கம்பத்துக்கு அவங்க ஒரு ஆள்தான்."

"அப்ப ஊர்ப் பட்டியல்ல ஒரு பேரை எடுத்துட்டு அவ பேரைப் போடு."

"போடலாம். அதுக்கு உங்க ஒப்புதல் போதும். பாலத்து வாசல்லயே அவங்க துடிப்பு பதிவாகியிருக்கும். ஆனா யார் பேரை எடுக்கறது?"

அவள் கயித்தானைப் பார்த்தாள். வாய் திறந்து கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். கயித்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "எனக்கு வலையும் வள்ளமும் இங்கதான கெடக்கு தாயி. ஒரு வருசம் நான் எங்க போயி நிப்பேன்?" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஊரில் யாரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும். இந்தப் பட்டியலில் ஒரு பேர் எவ்வளவு பெறும் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே.

"எம்பேர எடு," என்றாள்.

கார்முகிலன் எழுந்து நின்றுவிட்டான். "மேடம், ஒரு வருஷம் திரும்பச் சேர்க்க முடியாது. நீங்க தலைவி."

"தலைவி பதவி ஓட்டர் லிஸ்டுல இருக்கு. உன் கம்பத்துல இல்ல. வெளிய நின்னு ஆளுதேன், போ."

"வீட்டுக்கு வரணும்னா சீட்டு எடுக்கணும். மூணு நாளைக்கு மேல தங்க முடியாது."

"அந்த விதியை எனக்கே சொல்லித் தாரியா தம்பி. எடு."

அவன் எடுத்தான். ஒப்புதலுக்கு அவள் கம்பத்தின் முன் நின்றாள். தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்த நெஞ்சை அது எப்படியோ அடையாளம் கண்டு, ஊர்க்காரர் என்று கடைசி முறையாகப் பச்சை காட்டியது. பிறகு மஞ்சளுக்கு மாறியது. 'விருந்தினர். வெளியேற அரை மணி நேரம்' என்று எழுத்து ஓடியது.

பாலம் முந்நூறு மீட்டர். வெறுங்காலோடு வேகமாக நடந்தாள். எதிரே பேட்டரி வண்டி வந்தது. ரின்சி அதில் சரிந்து படுத்திருந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. வண்டி நிற்கவில்லை, எஸ்தர்கனி வேகத்தைக் குறைத்தாள். ஜெனோவா கூடவே பத்து அடி திரும்பி ஓடி மகள் கையைப் பிடித்தாள்.

"நீ எங்கம்மா போற? கூட வா," என்றாள் ரின்சி.

"மாப்ள அங்க தனியா நிக்காருல்லா. அவரைப் பாத்துட்டு வாரேன். நீ போ, பின்னாலயே வாரேன்."

பொய் சொன்ன வாயை மூடிக்கொண்டு கையை விட்டாள். எஸ்தர்கனிக்கு விஷயம் தெரியும். அவள் திரும்பிப் பார்க்காமல் வண்டியை விட்டாள்.

பாலத்தின் மறுமுனையில் தடுப்புத் தூண்களுக்கு அப்பால் ரின்சியின் கணவன் ஜோவின் காத்திருந்தான். மதுரைப் பையன், மாமியார் எதிரில் உட்காரக்கூட யோசிப்பவன். அவனுக்கு உள்ளே போக இடம் இல்லை. ஒரு பேருக்கு ஒரு பேர்தான் மாற்ற முடிந்தது. இருவரும் எண் காட்டும் பலகைக்குக் கீழே சிமெண்டுக் கட்டையில் அருகருகே உட்கார்ந்தார்கள். சுற்றிலும் ரத்தான வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர், இந்த ஊர்த் தலைவி பொம்பளையாம், மனசாட்சியே கிடையாதாம், என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஜெனோவா ஆமாம் என்று தலையாட்டினாள்.

எட்டரை ஆயிற்று. ஒன்பதாயிற்று. எஸ்தர்கனி கைபேசியை எடுக்கவில்லை. ஜோவின் எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி நடந்தான். மாதாவே, பிள்ளைக்கு நாடி குறையாமல் பார்த்துக்கொள் என்பதைத் தவிர ஜெனோவாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கண்கள் மட்டும் பழக்கத்தில் பலகையிலேயே இருந்தன.

உள்ளே இருப்பவர்: 2640. அனுமதி: 2640.

ஒன்பதே கால். வெயில் ஏறியது. தடுப்புத் தூண்கள் அசையவில்லை. உள்ளே போனவர் இல்லை, வெளியே வந்தவர் இல்லை. வள்ளம் எதுவும் கரை பிடிக்கவில்லை.

அத்தை, டீ ஏதாவது குடிக்கிறீங்களா, என்று ஜோவின் கேட்டுக்கொண்டிருந்தபோது பலகை ஒருமுறை சிமிட்டியது.

உள்ளே இருப்பவர்: 2641.

ஜெனோவா எழுந்து நின்றாள். கருவியில் கோளாறோ என்று முதலில் நினைத்தாள். இந்தக் கருவியில் கோளாறே வராது என்று அவளே எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறாள். யாரும் நுழையாமல் ஊருக்குள் ஒரு நெஞ்சு புதிதாக அடிக்கத் தொடங்கியிருக்கிறது. தன்னந்தனியாக, கம்பத்துக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக. அதன் தகப்பன் பேர் பட்டியலில் இல்லை. அவன் இதோ பக்கத்தில் டீக்குக் காசு எடுத்துக்கொண்டிருக்கிறான்.

பலகை சிவப்பானது. தூணில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு அவளுடைய குரலே, நாலு தடவை ஒத்திகை பார்த்த அதே இனிமையோடு, பாலத்தின் இரண்டு பக்கமும் கேட்கும்படி பேசியது.

"அன்பான விருந்தினரே, வணக்கம். புன்னைத்துறைக்கு வருகை தந்தமைக்கு மனமார்ந்த நன்றி. இன்று ஊரின் அளவு நிறைந்துவிட்டது. கடைசியாக வந்தவர் நீங்கள் என்பதால், எங்கள் தண்ணீரையும் எங்கள் பிள்ளைகளையும் காக்கும் பொருட்டு, இன்னும் அரை மணி நேரத்தில் அன்புகூர்ந்து ஊரை விட்டு வெளியேறும்படி கேட்டுக்கொள்கிறேன். மீண்டும் வருக."

வண்டிக்காரர்கள் ஆரன் அடிப்பதை நிறுத்திவிட்டு, வெளியே வரப்போவது யார் என்று பாலத்தை எட்டிப் பார்த்தார்கள். ஜெனோவாவுக்குச் சிரிப்பு முட்டியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. இரண்டையும் முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"யாரையோ வெளிய போகச் சொல்றாங்களே," என்றான் ஜோவின். "யாரு அத்தை அது?"

"பிள்ள பொறந்துட்டு மாப்ள," என்றாள் ஜெனோவா.